ஈரலை வளர்ப்பது எந்தச் செல்?

கல்லீரலை வெட்டினாலும் வளரும் என்பது பலருக்கும் தெரியும். அதை வளர்ப்பது எது என்று கேட்டால், ‘ஸ்டெம் செல்’ என்று சட்டென்று பதில் வரும். ஆனால் பெரும்பாலான நேரங்களில் ஸ்டெம் செல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் எலிகளின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். ஓரிரு வாரங்களில் ஈரல் ஏறக்குறையப் பழைய எடைக்கு வந்துவிட்டது. வெட்டிய மடல்கள் திரும்ப முளைக்கவில்லை. மிஞ்சிய மடல்களே பெருத்தன. அவற்றைப் பெருக்கியவை, அதுவரை சர்க்கரையைச் சேமித்துப் பித்தநீரைச் சுரந்துகொண்டிருந்த சாதாரண ஈரல் செல்கள். முதிர்ந்த செல் இவ்வளவு வேகமாக மறுபடி பிளவுபடுவது உடம்பில் அபூர்வம். மூளையின் நரம்புச் செல்லால் இது முடியாது. ஈரல் செல்லோ உடம்புக்கான தன் வேலைகளைக் கைவிடாமலே பிளந்து பெருகுகிறது. ஈரல் உடம்புக்கு ஏற்ற அளவை எட்டியதும் நின்றுவிடுகிறது. மகனுக்குத் தன் ஈரலில் பாதிக்கு மேல் கொடுத்த தந்தை நலமாக நடமாடுவது இந்தத் திறனால்தான்.

இந்தச் செல்களே களைத்துப்போனால்? மது, மஞ்சள் காமாலை வைரஸ், கொழுப்பு ஆகியவை ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது அவை பிளக்கும் சக்தியை இழக்கின்றன. அப்போதுதான் இன்னொரு கூட்டம் தலைகாட்டுகிறது. பித்த நாளங்களின் மிக நுண்ணிய கிளைகளிலிருந்து சிறிய செல்கள் பெருகி வருகின்றன. புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள் கொடுக்கப்பட்ட எலிகளில் இவற்றைக் கண்ட ஃபார்பர் என்ற ஆய்வாளர், 1956-இல் ‘ஓவல் செல்’ என்று பெயரிட்டார். ஈரல் செல்கள் பிளவுபடுவதைத் தடுத்துவிட்டால், பித்த நாளச் செல்களே ஈரல் செல்களாக மாறுவதை எடின்பரோ ஆய்வாளர்கள் 2017-இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். இவற்றை ஸ்டெம் செல் என்று அழைக்கலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்குப் பெயரைவிட முக்கியமாகப் படுவது வேறு: முற்றிய நோயில் இச்செல்கள் பெருகும் இடங்களிலேயே தழும்புத் திசுவும் சேர்ந்து வளர்கிறது. அதனால் இவை மட்டும் வந்து நோயாளியைக் காப்பாற்றிவிடுவதில்லை.

ஈரல் சுருக்கத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையை மட்டுமே ஏற்றது. மற்றவை ஆய்வு நிலையில்தான் உள்ளன என்றது. யாராவது அந்த ஊசிக்குப் பணம் கேட்டால், அது பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வா என்று கேளுங்கள். பதிவு எண்ணைக் காட்டாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.