கல்வெட்டில் இல்லாத வரி

பேருந்து நிழற்குடையின் நெற்றியில் எம்.பி.யின் பெயர் இருக்கும். நிதியாண்டு, மதிப்பீட்டுத் தொகை எல்லாம் இருக்கும். அதை யார் கேட்டார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை இல்லாத ஊரில் நிழற்குடை ஏன் முந்திக்கொண்டது என்பதை மட்டும் எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை.

அந்த நிழற்குடைக்குப் பணம் தருவது, 1993 டிசம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் அறிவித்த எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதித் திட்டம். முதல் ஆண்டில் ஓர் எம்.பி.க்கு 5 லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டே 1 கோடி, 1998-99இல் 2 கோடி, 2011-12 முதல் 5 கோடி. தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி 3 கோடி. 234 தொகுதிக்கும் சேர்த்தால் ஆண்டுக்கு 702 கோடி. எம்.பி. நிதி அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் அனுமதி தந்து வேலையை நடத்தும்.

ஆனால், அந்தப் பரிந்துரைக்கே விலை பேசப்பட்டது. 2005இல் ரகசியக் கேமரா முன் இந்த நிதிக்குக் கமிஷன் பேசிய எம்.பி.க்கள் சிக்கினார்கள். 2007இல் வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் திட்டத்தையே கைவிடச் சொன்னது. அரசின் செலவுக்குக் கணக்குக் கேட்க வேண்டியவரே செலவைத் தீர்மானிப்பது முறையல்ல என்ற கவலை நியாயமானதே. ஆனால் 2010இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

திட்டத்தை ஒழிக்க வேண்டியதில்லை. திறந்து வைத்தால் போதும். அமெரிக்கா இதற்கு ஒரு பாடம். அங்கே 2011இல் நிறுத்திவைத்த இத்தகைய ஒதுக்கீடுகள் 2021இல் திரும்பி வந்தபோது நிபந்தனைகளோடு வந்தன. பிரதிநிதிகள் சபை உறுப்பினர் தம் கோரிக்கையைத் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். தமக்கும் குடும்பத்தாருக்கும் அதில் பண ஆதாயம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். இங்கும் ஒவ்வொரு பரிந்துரையும், அதற்கான காரணமும், இதே உறுதிமொழியும் அனுமதிக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வரட்டும். கிராம சபைத் தீர்மானத்தில் உள்ள வேலைக்கே முதலிடம் என்று அரசு விதி செய்யட்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். உங்கள் ஊருக்கு எது முதல் தேவை என்று தீர்மானம் போட்டு, நகலை எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்புங்கள். அது உங்கள் வரிப்பணம்.