உஷார்! அப்டேட் வந்ததும் கை துறுதுறுக்கிறதா?

மென்பொருள் எழுதிப் பிழைக்கிற ஒவ்வொருவரும் இதை உடனே படியுங்கள். உங்கள் நிறுவனத்தின் சர்வரை உடைக்க நினைப்பவன் இப்போது சர்வரின் வாசலில் மட்டும் வந்து மோதுவதில்லை. நீங்களே நம்பி இறக்கிக்கொண்ட ஒரு கருவிக்குள் இருந்தபடி, உங்கள் லேப்டாப் வழியாகவும் உள்ளே போகிறான். எடிட்டருக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன், பில்ட் ஓடும்போது தானாக இறங்கும் லைப்ரரி, நண்பர் சொன்னார் என்று சேர்த்த ஒரு சின்ன பேக்கேஜ், இவற்றில் எதுவும் அந்தக் கருவியாக இருக்கலாம்.

டீ குடிக்கப் போகிற இடத்திலும் டீம் மீட்டிங்கிலும் கருவிகளைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? எது வேகம், எதற்கு எத்தனை ஸ்டார், எதற்குக் கம்யூனிட்டி பெரிது. இவற்றை வைத்துத்தான் ஒரு கருவியை எடுக்கிறோம், இன்னொன்றைத் தூக்கிப் போடுகிறோம். இந்த அளவுகோல்களைத் தாக்குதல்காரர்களும் நன்றாகப் படித்துவைத்திருக்கிறார்கள். அதனால்தான் பதறுகிறேன்.

2024 மார்ச்சில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ‘எக்ஸ்இசட்’ என்ற பெயரைக் கேள்விப்பட்ட பலருக்கு, அன்று உலகம் எவ்வளவு நூலிழையில் தப்பியது என்பது தெரியவில்லை.

ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் பொறியாளர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குகிறவர்களில் ஒருவர். டெபியனின் வளர்நிலைப் பதிப்பில் போஸ்ட்கிரெஸின் வேகத்தை நுணுக்கமாக அளக்க முயன்றுகொண்டிருந்தார். அப்படி அளக்கும்போது கணினியில் மற்ற வேலைகள் அடங்கியிருக்க வேண்டும். எஸ்எஸ்எச் சேவை மட்டும் அடங்கவில்லை. வெளியிலிருந்து இல்லாத பயனர்பெயர்களைப் போட்டு யாராவது நுழையப் பார்ப்பது இணையத்தில் அன்றாடம் நடப்பதுதான். ஆனால் உடனே தோற்றுப்போகிற அந்த முயற்சிகள் இவ்வளவு சிபியுவைத் தின்னக் கூடாது. நேரம் பிடித்துப் பார்த்தார். சுமார் 0.3 நொடியில் முடிய வேண்டிய வேலைக்கு 0.8 நொடி ஆனது.

அரை நொடிதான். நம்மில் எத்தனை பேர் அதைப் பொருட்படுத்தியிருப்போம்? ‘நெட் ஸ்லோ’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்போம். அவர் போகவில்லை. சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில், நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் கருவி காட்டிய வினோதமான எச்சரிக்கையும் அவர் மனதில் இருந்தது. நூலைப் பிடித்துக்கொண்டே போய், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் தொகுப்பின் லைப்ரரிக்குள் திருட்டு வாசல் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். அபாய மதிப்பீட்டில் அதற்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து. குறிப்பிட்ட ஒரு ரகசியச் சாவியை வைத்திருப்பவர், பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமலேயே அந்தக் கணினியில் தான் நினைத்த கட்டளையை ஓட்ட முடியும்.

கோப்பு சுருக்கும் லைப்ரரிக்கும் எஸ்எஸ்எச்சுக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றுமில்லை. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள் எஸ்எஸ்எச் சேவையை சிஸ்டம்டியோடு இணைக்கத் தாங்களே ஒரு ஒட்டு போட்டிருந்தன. அந்த ஒட்டின் வழியாக சிஸ்டம்டியின் லைப்ரரி வந்தது, அதன் பின்னாலேயே இந்தச் சுருக்கும் லைப்ரரியும் வந்தது. நச்சுக் கோடு சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் பைனரியாக ஒளிந்திருந்தது. அதை எழுப்பிவிடும் வரிகள் ரெப்போவில் கிடையாது, வெளியீட்டுக்கான சுருக்கப் பொதியில் மட்டும் இருந்தன. ‘ஓப்பன் சோர்ஸ்தானே, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்’ என்ற நம் பழைய தைரியம் அங்கே செல்லுபடியாகவில்லை. படிக்கிற இடத்தில் ஒன்று இருந்தது, இறக்குகிற இடத்தில் வேறொன்று இருந்தது.

இதைவிட என்னைக் கலங்கவைப்பது அந்த வாசல் உள்ளே வந்த விதம். எக்ஸ்இசட்டைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் லாஸ்ஸே காலின். பெரும்பாலும் தனி ஆளாக, சம்பளம் இல்லாமல். 2021-ல் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார், நல்ல திருத்தங்களை அனுப்பினார். 2022-ல் முன்பின் தெரியாத சில பெயர்கள் முளைத்தன. ஏன் இவ்வளவு மெதுவாக வேலை நடக்கிறது, முடியாவிட்டால் வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டியதுதானே என்று நச்சரித்தன. இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம், தனக்கு நீண்ட நாளாக மனநலச் சிரமங்களும் உண்டு என்று அந்த மனிதர் பொதுவெளியிலேயே பதில் எழுதினார். அதற்குப் பிறகும் நச்சரிப்பு நிற்கவில்லை. கடைசியில் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஜியா டானின் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1 என்று இரண்டு பதிப்புகள் நஞ்சோடு வெளிவந்தன. வால்கிரைண்டில் பிழை தெரிகிறது என்று புகார் வந்ததும், அதை மறைக்கத்தான் இரண்டாவது பதிப்பில் வேலை பார்க்கப்பட்டது. நச்சரித்த அந்தப் பெயர்களுக்கு வேறெங்கும் தடயமில்லை. நெருக்கியவர்களும் கைகொடுக்க வந்தவரும் ஒரே கூட்டம்தான் என்று ஆராய்ந்தவர்கள் பலர் கருதுகிறார்கள். ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

இந்த லைப்ரரிகள் ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. எல்லோரும் இறைக்கிறோம், தூர்வார வருவது ஒருவர்தான். அவர் களைத்துப்போய் உட்காரும் நேரம் பார்த்து, நானும் கூடமாட உதவுகிறேன் என்று வருபவர் யார் என்று விசாரிக்க ஊரில் ஒருவரும் இல்லை.

ஒரு ப்ராஜெக்டில் ஆள் நடமாட்டம் அதிகம் என்பதை இனி நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் ஒரு ரிலீஸ் வருகிறது, கேட்ட உடனே பதில் வருகிறது என்றால் நாம் மகிழ்ந்துபோகிறோம். ஜியா டானும் சுறுசுறுப்பானவர்தான்.

ஸ்டார்களை நம்பலாமா? கிட்ஹப்பில் லட்சக்கணக்கான போலி ஸ்டார்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். காசு கொடுத்தால் ஸ்டார் கிடைக்கும். டவுன்லோட் எண்ணிக்கையையும் ஊதிப் பெருக்கலாம். 2025-ல் ரஷ்யாவைச் சேர்ந்த பிளாக்செயின் டெவலப்பர் ஒருவர் கர்சர் எடிட்டரில் சாலிடிட்டி மொழிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் தேடினார். போலியும் அசலும் ஒரே பட்டியலில் வந்தன. போலி மேலே இருந்தது, ஏனென்றால் அது அண்மையில் அப்டேட் ஆனது. டவுன்லோட் எண்ணிக்கையும் அசலுக்குச் சற்றே குறைவாக, சந்தேகம் வராதபடி காட்டியது. நிறுவினார். சுமார் 5 லட்சம் டாலர் மதிப்புள்ள கிரிப்டோ போயே போய்விட்டது. இத்தனைக்கும் அவர் எச்சரிக்கையானவர், அப்போதுதான் புதிதாக இயங்குதளம் போட்டு, தேவையானதை மட்டும் வைத்திருந்தார் என்று விசாரித்த காஸ்பர்ஸ்கி நிறுவனம் சொன்னது.

வேகத்தின் கதை இன்னும் பழையது. 2015-ல் சீனாவில் ஆப்பிளின் எக்ஸ்கோடை அதிகாரப்பூர்வ சர்வரிலிருந்து இறக்க நெடுநேரம் ஆகும், பல ஜிபி கோப்பு. உள்ளூர் பைடு கிளவுடில் அதே பெயரில் வேகமாக இறங்கும் பிரதி ஒன்று கிடைத்தது. பலர் அதை எடுத்தார்கள். அதுதான் எக்ஸ்கோட்கோஸ்ட். டெவலப்பர் எழுதிய கோடில் ஒரு பழுதும் இல்லை. கம்பைல் ஆகும்போது நஞ்சு கலந்தது. ஆப்பிளின் பரிசோதனையையும் தாண்டி ஆப் ஸ்டோருக்குள் போனது, வீசாட்டின் ஒரு பதிப்பு உட்பட. கம்பைலரையே நம்ப முடியாமல் போகலாம் என்று கென் தாம்ப்சன் தன் டூரிங் விருது உரையில் 1984-லேயே எச்சரித்திருந்தார்.

இப்போது வேகம் இன்னும் கூடிவிட்டது. 2025 செப்டம்பர் 8 அன்று, சாக், டீபக் முதலிய என்பிஎம் பேக்கேஜ்களைப் பராமரிப்பவருக்கு, டூ-ஃபேக்டர் அமைப்பைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்தது. அசல் தளத்தின் சாயலில் ஒரு போலி முகவரி. பாஸ்வேர்டோடு ஓடிபியும் பறிபோனது. வாரத்துக்கு மொத்தம் 200 கோடி முறைக்கு மேல் இறங்கும் 18 பேக்கேஜ்களில் கிரிப்டோ திருடும் கோடு ஏறியது. ஒருசில மணி நேரத்துக்குள் பிடித்துவிட்டார்கள். அதே மாதத்தில் ‘ஷாய்-ஹுலுத்’ என்ற புழு கிளம்பியது. ஒரு டெவலப்பரின் கணினியில் நுழைந்து டோக்கன்களைத் திருடும். அந்த டோக்கனை வைத்து அவர் பராமரிக்கும் மற்ற பேக்கேஜ்களிலும் தானே ஏறிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் கெட்டன.

சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஒரு பில்ட் சர்வரும் இதே என்பிஎம்மிலிருந்துதான் இறக்குகிறது. தூரத்தில் நடந்தது என்று இதை ஒதுக்க முடியாது.

வேலை தேடுகிற தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நேர்காணல் என்ற பெயரில் ஒரு ரெப்போவை அனுப்பி, ‘ஓட்டிப் பாருங்கள், ஒரு பிழை இருக்கிறது, திருத்துங்கள்’ என்பார்கள். ஓட்டிய அந்த நொடியே பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட் முதல் வாலட் சாவி வரை எல்லாம் போய்விடும். வட கொரியாவோடு தொடர்புடைய குழுக்கள் சில ஆண்டுகளாக இந்த வலையை விரித்துவருகின்றன. வேலை கிடைக்குமா என்ற தவிப்பில் இருப்பவரிடம் சந்தேகப்படும் தெம்பு குறைவாக இருக்கும் என்று தெரிந்தே இதைச் செய்கிறார்கள். அந்நியர் அனுப்பும் கோடை உங்கள் சொந்தக் கணினியில் ஓட்டாதீர்கள். தனி விர்ச்சுவல் மெஷினில் மட்டும் ஓட்டுங்கள். அவசரப்படுத்தினால் அந்த நேர்காணலையே விட்டுவிடுங்கள்.

ஏஐ உதவியாளர் சொல்லும் பேக்கேஜ் பெயரையும் அப்படியே இறக்காதீர்கள். இல்லாத பெயர்களை அது சில சமயம் நம்பிக்கையோடு சொல்லும். ஒருவர் அதே பெயரைப் பதிந்து நஞ்சை வைத்துவிட்டுக் காத்திருக்க முடியும்.

சரி, என்ன செய்வது? முதல் வேலை, புதிய பதிப்பு வந்த அன்றே இறக்கும் பழக்கத்தை விடுங்கள். நான் சொன்ன செப்டம்பர் 8 தாக்குதல் சில மணி நேரத்தில் அம்பலமானது. ஒரு வாரம் பொறுத்து இறக்கியவரை அது தொட்டிருக்காது. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம்மில், பேக்கேஜ் வெளியாகி இவ்வளவு நேரம் ஆன பிறகே இறக்கு என்று கட்டளையிடும் வசதி இப்போது இருக்கிறது. நிறுவும்போதே தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளையும் அது இயல்பாகத் தடுத்துவிடுகிறது. என்பிஎம்மில் அந்த ஸ்கிரிப்டுகளை நீங்களே அணைத்துவைக்க முடியும். லாக் ஃபைலை ரெப்போவில் சேர்த்து, பில்டில் அதன்படி மட்டும் நிறுவுங்கள்.

ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் ஒரு வாரம் பொறுக்கலாம் என்று உட்காராதீர்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை வெளியானபோது தாமதித்த ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தாக இருந்தது. எது அவசரத் திருத்தம், எது புதுப் பளபளப்பு என்று பிரித்துப் பார்க்கிற ஒருவர் ஒவ்வொரு டீமிலும் இருக்க வேண்டும். அது அவருடைய வேலை என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

ஓடிபியை நம்பியிருப்பவர்கள் பாஸ்கீக்கோ ஹார்டுவேர் சாவிக்கோ மாறுங்கள். போலித் தளத்தில் ஓடிபியைத் தட்டச்சு செய்து ஏமாறலாம், பாஸ்கீ அசல் முகவரியில் மட்டுமே வேலை செய்யும்.

காரணம் தெரியாமல் ஏதாவது மெதுவானால் விடாதீர்கள். பில்ட் நேரம் திடீரென்று கூடினாலும், டெஸ்ட் ஒன்று சில நேரம் மட்டும் தோற்றாலும், லாகின் அரை நொடி இழுத்தாலும் தோண்டிப் பாருங்கள். மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பொறியாளர் இப்படி ஒன்றின் பின்னால் ஒரு நாள் செலவழித்தால் அதை வீண் நேரமாகக் கணக்கு வைக்காதீர்கள். எக்ஸ்இசட் நஞ்சு பெரிய லினக்ஸ் தொகுப்புகளின் நிலையான பதிப்புகளுக்குள் போகும் முன்னரே பிடிபட்டதற்கு அப்படிப்பட்ட ஒரு பிடிவாதம்தான் காரணம்.

நீங்கள் அன்றாடம் சார்ந்திருக்கும் லைப்ரரிகளில் எவை ஒரே ஒருவரால் பராமரிக்கப்படுகின்றன என்று இந்த வாரமே பாருங்கள். ‘எப்போது ரிலீஸ்?’ என்று அவரை யாராவது நச்சரிப்பதைக் கண்டால், அவர் பக்கம் நின்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் நிறுவனம் அந்த லைப்ரரியை வைத்துச் சம்பாதிக்கிறது என்றால், அவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை போகிறதா என்று கேளுங்கள், போகவில்லை என்றால் போகவையுங்கள்.

இப்போதே உங்கள் என்பிஎம், கிட்ஹப் கணக்குகளைத் திறந்து பழைய டோக்கன்களை ரத்து செய்யுங்கள். எடிட்டரில் யார் வெளியிட்டது என்று உங்களால் சொல்ல முடியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். உங்கள் டீமில் இருக்கும் எல்லோரையும் இன்றே இதைச் செய்யச் சொல்லுங்கள்.