மையவாடி முள்காடும் ஹுத்ஹுத் பறவையும்

 

நமது மையவாடியின் மேற்குப் பகுதியிலும், அதை ஒட்டிய கண்மாய்க்கரைப் பாதையிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல மரங்களை ஏலம் விட்டு, ஒரே மூச்சில் இயந்திரம் வைத்து அகற்றிவிட வேண்டும் என்று பலரும் கேட்டு வருகின்றனர். ஏலத்தொகை விதவைகள் உதவி நிதிக்குச் சேரும் என்பதால் இந்தக் கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆனாலும் மூன்று ஆண்டுகளில், மூன்று பாகமாக, குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் அகற்றுவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. “பறவைக்காகவா இத்தனை யோசனை?” என்று சிலர் கேட்கிறார்கள். காரணத்தை விளக்குவது நம் கடமை.

முள்காட்டில் யார் குடியிருக்கிறார்கள்?

மக்தப் மாணவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பஜ்ர் தொழுகைக்குப் பின் இந்தப் பாதையில் பறவைகளைப் பார்க்க அழைத்துச் செல்கிறோம். கண்மாய்க்கரை என்றால் கொக்கும் நாரையும்தான் என்று நினைப்போம். முள் மரங்களுக்குள் மெதுவாக நடந்து பார்த்தால் கௌதாரி, செம்போத்து, தவிட்டுக்குருவி, சின்னான், கதிர்க்குருவி, பஞ்சுருட்டான் என்று பட்டியல் நீள்கிறது. கரையில் நிற்கும் பனைகளின் ஓலையில் பனை உழவாரன் கூடு ஒட்டுகிறது. பட்டுப்போன பனையின் பொந்தில் பனங்காடையும் புள்ளி ஆந்தையும் குஞ்சு பொரிக்கின்றன.

இவற்றில் இரண்டு பறவைகளை மாணவர்களுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒன்று ஹுத்ஹுத். சுலைமான் நபி (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டின் செய்தியைக் கொண்டு வந்ததாகத் திருக்குர்ஆனின் அந்நம்ல் அத்தியாயம் கூறும் அதே பறவைதான், நம்மூரில் தலைக் கொண்டையை விரித்து மடக்கும் கொண்டலாத்தி. மற்றொன்று கீச்சான். எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ‘ஸுரத்’ ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. ஸுரத் என்பதைக் கீச்சான் வகைப் பறவை என்றே அறிஞர்கள் விளக்குவர்.

இந்த இரண்டின் தேவையும் வேறு வேறு. கொண்டலாத்திக்கு வெட்ட வெளி வேண்டும். நீண்ட அலகை மண்ணுக்குள் விட்டுப் புழுவையும் பூச்சியையும் எடுத்துத் தின்னும். கூடு வைக்க மரப்பொந்தோ சுவர் ஓட்டையோ வேண்டும். கீச்சானுக்கோ முள் வேண்டும். பிடித்த வெட்டுக்கிளியையும் ஓணானையும் முள்ளில் குத்தி வைத்துக் கிழித்துத் தின்பது அதன் பழக்கம், கூடும் முள்மரத்தில்தான்.

சீமைக் கருவேலம் அடர்ந்துவிட்ட இடத்தில் அடியில் புல் முளைப்பது அரிது. அங்கே கொண்டலாத்திக்கு வேலை இல்லை. மொத்தமாக மழித்துவிட்ட தரையில் கீச்சானுக்கு இடம் இல்லை. ஆகவே, “வெட்டலாமா, கூடாதா?” என்பதல்ல கேள்வி. எந்த மரத்தை, எந்த மாதத்தில், எவ்வளவு வெட்டுவது என்பதே கேள்வி.

நம் மாவட்டத்தின் அனுபவம்

சீமைக் கருவேலம் நம் மண்ணின் மரமல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டு வரப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் அது கண்மாய்களையும் விளைநிலங்களையும் நிறைத்துவிட்டது. அதே நேரத்தில் கரிமூட்டத் தொழிலால் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறும் போடுகிறது. 2017ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுகளை அடுத்து, தென் மாவட்டங்களில் இம்மரங்களை அகற்றும் பணி மும்முரமானது. அப்போது பொக்லைன் வைத்துப் பறித்த பல இடங்களில், இடையில் நின்ற நாட்டுக் கருவேலத்தையும் உடைமரத்தையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் மாவட்டத்துக் கண்மாய்கள் சாதாரணமானவை அல்ல. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022ஆம் ஆண்டிலும், சக்கரக்கோட்டையும் தேர்தங்கலும் 2025ஆம் ஆண்டிலும், உலக அளவில் முக்கியமான ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்ததும் மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் போன்றவை நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் தண்ணீர் இருந்தால்தான் நரியும் பூனையும் குஞ்சுகளை அண்டாது. முன்பு நாட்டுக் கருவேலத்தில் கட்டிய பறவைகள், அது குறைந்துவிட்ட இடங்களில் சீமைக் கருவேலத்திலும் கட்டுகின்றன. மாற்று மரம் வளர்வதற்கு முன் அதையும் பறித்துவிட்டால், தண்ணீர் இருந்தும் அவை தங்க இடம் இராது. பறவை எச்சம் கலந்த கண்மாய் நீர் வயலுக்கு நல்ல உரம் என்பது கரையோர விவசாயிகள் அறிந்ததே.

பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டவர்கள். பெருநாள் மகிழ்ச்சியைப் பறவைக்காக விட்டுக்கொடுக்கும் அண்டை ஊரார் இருக்க, நாம் கேட்பது சில மாதப் பொறுமை மட்டுமே.

மார்க்கம் காட்டும் வழி

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகிறது என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒரு பயணத்தில் சிட்டொன்றின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதே அறிவிப்பில், எறும்புப் புற்று எரிக்கப்பட்டதையும் கண்டித்தார்கள். புதரைச் சுத்தம் செய்யத் தீ வைக்கும் பழக்கம் நம்மிடையே இருப்பதால் இதை நினைவூட்டுகிறோம். கப்ருகளின் மீது பசுமை இருப்பதை மார்க்க அறிஞர்கள் பலர் நல்லதாகவே கருதி, தேவையின்றி அதைப் பிடுங்குவதை வெறுத்துள்ளனர். மையவாடி நிலம் நம் கையில் இருக்கும் அமானிதம். அதில் மய்யித்துக்கும் உரிமை உண்டு, ஏழைக்கும் உண்டு, வாயில்லா ஜீவனுக்கும் உண்டு.

நாம் செய்யப்போவது என்ன?

முதலாவதாக, கப்ருகளுக்குச் செல்லும் பாதையும், புதிதாகக் கப்ரு தோண்டும் பகுதியும் உடனே சுத்தம் செய்யப்படும். பாம்பு பயம் பற்றிய கவலை இதனால் நீங்கும்.

இரண்டாவதாக, மீதியுள்ள இடம் மூன்று பாகமாகப் பிரிக்கப்பட்டு ஆண்டுக்கு ஒரு பாகம் ஏலம் விடப்படும். வேலை ஆகஸ்ட் பிற்பகுதியிலும் செப்டம்பரிலும் மட்டும் நடக்கும். முள்காட்டுப் பறவைகள் பெரும்பாலும் கோடையில் குஞ்சு பொரித்து முடித்திருக்கும்; நீர்ப்பறவைகள் மழைக்குப் பிறகுதான் கூடு தொடங்கும்.

மூன்றாவதாக, சீமைக் கருவேலத்தைத் தூரோடு எடுக்க வேண்டும். மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும். ஆடு மாடுகள் நெற்றைத் தின்று விதையைப் பரப்புவதால், வெறும் தரையாக விட்ட இடம் அடுத்த மழையிலேயே கன்றுகளால் நிறைந்துவிடும். ஆகவே அகற்றிய இடத்தில் அக்டோபரில் புங்கை, வேம்பு, நாட்டுக் கருவேலம் நடுவோம். மொத்தமாகப் பறித்தால் இத்தனை கன்றுகளையும் ஒரே ஆண்டில் நட்டுத் தண்ணீர் ஊற்ற நம்மிடம் ஆள் இல்லை. மூன்று பாகமாகச் செய்ய இதுவும் ஒரு காரணம்.

நான்காவதாக, உடைமரம், நாட்டுக் கருவேலம், பனை ஆகியவற்றின் மீது ஏலம் எடுப்பவர் கை வைக்கக் கூடாது. இவை முன்கூட்டியே சுண்ணாம்புக் குறியிடப்படும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசும் அறிவித்துள்ளது.

ஏழைகளின் பங்கு குறைந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். நிற்கும் மரம் எங்கும் போய்விடாது. மூன்று ஏலமும் நடக்கும், தொகை முழுவதும் விதவைகள் நிதிக்கே சேரும். முதலாண்டு உதவியில் விழும் இடைவெளியை நிரப்ப வசதி படைத்தோர் தனியாக ஸதகா தர முன்வருமாறு வேண்டுகிறோம்.

பறவை பார்க்க வருவோருக்கு

பறவை நூல்களால் புகழ்பெற்ற சாலிம் அலி, 1896இல் மும்பை முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்து தாய்மாமா வீட்டில் வளர்ந்தவர். தொண்டையில் மஞ்சள் புள்ளியுள்ள ஒரு குருவியைக் கண்டு, அது என்ன என்று விசாரிக்கப் போனதில் தொடங்கியது அவருடைய கல்வி. நம் பிள்ளைகளும் அப்படிக் கேட்கட்டும்.

மங்கிய நிற ஆடையும் ஒரு குறிப்பேடும் போதும். பைனாகுலர் இருந்தால் நல்லது. கூட்டை நெருங்காதீர்கள், குஞ்சைப் படம் எடுக்காதீர்கள். கண்ட பறவை, இடம், நேரம் மூன்றையும் எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் கடைசியில் எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். முதல் பாகத்தின் ஏலம் அந்தக் குறிப்புகளைப் பார்த்த பிறகே, இன்ஷா அல்லாஹ்.

நம் அமானிதத்தைச் சரியாக நிறைவேற்ற அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

— செயலாளர், நிர்வாகக் குழு சார்பாக