பெங்களூரில் கிராஸ் என்றால் எது?

பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கையில் முதலில் கிடைக்கும் முகவரி இந்த மாதிரி இருக்கும்: 3வது கிராஸ், 5வது மெயின், 2வது ஸ்டேஜ், பி.டி.எம். லேஅவுட். தெருப் பெயரே இல்லையே என்று பலர் திகைத்துப் போகிறார்கள். அந்த ‘3வது கிராஸ்’தான் தெருப் பெயர்.

நமக்கு கிராஸ் பண்ணுவது என்றால் ரோட்டைக் கடப்பது. எதிர் ரயிலுக்கு வழிவிட வண்டி நின்றால் கிராசிங். கோர்ட்டில் குறுக்கு விசாரணையை கிராஸ் என்பார்கள். செக்கின் மூலையில் இரண்டு கோடு இழுத்தால் அது கிராஸ் செய்த செக். கவுண்ட்டரில் பணம் கிடைக்காது, கணக்கில்தான் சேரும். பெங்களூரில் இவை போக இன்னும் இரண்டு பொருள் புழங்குகிறது. வீடு தேடிப் போகிறவருக்கு அந்த இரண்டும் கட்டாயம் தெரிய வேண்டும்.

ஒன்று, குறுக்குத் தெரு. இதைப் பழக மல்லேஸ்வரத்தைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே சம்பிகே ரோடும் மார்கோசா ரோடும் (செண்பகம், வேம்பு என்று மரங்களின் பெயர்) தெற்கு வடக்காக ஓடுகின்றன. அவற்றைக் கிழக்கு மேற்காக வெட்டிக்கொண்டு போவதெல்லாம் கிராஸ். எண் தெற்கிலிருந்து வடக்கே ஏறும். மார்கோசா ரோட்டில் ஏழாவது கிராஸ் முனையில் வெண்ணெய் தோசைக்குப் பேர்போன சி.டி.ஆர். இருக்கிறது. அடுத்த தெரு, பண்டிகை நாளில் கால் வைக்க இடமில்லாத எட்டாவது கிராஸ் கடைவீதி. அங்கிருந்து வீணா ஸ்டோர்ஸில் இட்லி சாப்பிடப் பதினைந்தாவது கிராஸுக்குப் போக வேண்டுமா? யாரையும் கேட்க வேண்டாம், வடக்கே பார்த்து எண்ணிக்கொண்டே நடக்கலாம். புதிதாக வருபவருக்கு இவ்வளவு உதவும் ஏற்பாடு நம் ஊர்களில் குறைவு என்றே சொல்வேன்.

இந்த ஒழுங்கு வளர்ந்ததில் ஒரு கொடிய நோய்க்கும் பங்கு உண்டு. 1898இல் பெங்களூரை பிளேக் தாக்கியது. நெருக்கியடித்த பழைய பேட்டைகளிலிருந்து மக்களைக் காற்றோட்டமான இடங்களில் குடியேற்ற மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்க்கப்பட்டன. நேர்நேரான அகலத் தெருக்கள் அந்தத் தேவைக்குப் பொருந்தின. பிறகு 1948இல் தொடங்கிய ஜெயநகரும் அதற்குப் பின் வந்த லேஅவுட்களும் இதே வழியில் போயின. பகுதிகள் பெரிதானதால் பிளாக், ஸ்டேஜ் என்று பிரித்தார்கள். ஸ்டேஜ் என்பது அந்த லேஅவுட் எந்தக் கட்டத்தில் போடப்பட்டது என்பதைக் காட்டும்.

குழப்பம் வருவது இங்கேதான். பல இடங்களில் ஸ்டேஜோ பிளாக்கோ மாறினால் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வெறும் ‘ஐந்தாவது மெயின், மூன்றாவது கிராஸ்’ என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார் பாவம்! முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள். முதலில் லேஅவுட், பிறகு ஸ்டேஜ் அல்லது பிளாக், அப்புறம் மெயின் (கிராஸ்கள் வெட்டிக்கொண்டு போகும் பிரதான தெரு), கடைசியாக கிராஸ். இதில் ஒன்றை விட்டாலும் வேறு வீட்டு வாசலில் போய் நிற்க நேரும். முகவரி எழுதித் தருபவர்கள் சோம்பல்படாமல் முழுசாக எழுத வேண்டும். இரண்டு கிராஸுக்கு நடுவே பிறகு வந்த தெரு ‘17-ஏ கிராஸ்’ ஆகிவிடும். அந்த ‘ஏ’ சின்ன எழுத்துதான், ஆனால் அது வேறு தெரு. பெயர்ப் பலகையில் கன்னடத்தில் ‘அட்டரஸ்தெ’ என்றிருந்தால் கிராஸ், ‘முக்யரஸ்தெ’ என்றால் மெயின்.

இரண்டாவது பொருள் பஸ்ஸில் போகிறவர்களுக்கு. பெருஞ்சாலையிலிருந்து ஓர் ஊருக்குள் பாதை பிரியும் முனையும் கிராஸ்தான். தும்கூர் ரோட்டில் ஜாலஹள்ளி கிராஸ், கனகபுரா ரோட்டில் கோணனகுண்டே கிராஸ் எல்லாம் இந்த வகை. இதற்கு நம் மாவட்டங்களில் தனித்தனிச் சொல் உண்டு: மதுரை, நெல்லைப் பக்கம் ‘விலக்கு’, கோவைப் பக்கம் ‘பிரிவு’, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் ‘கூட்ரோடு’. விலக்கில் இறங்கினால் ஊர் உள்ளே இருக்கும் என்று நமக்குத் தெரியும் அல்லவா? ஜாலஹள்ளி கிராஸில் இறங்குகிறவருக்கும் அதே கதைதான். ஜாலஹள்ளிக்கு இன்னும் உள்ளே போக வேண்டும். பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம், ஊருக்குள் போகுமா, கிராஸோடு சரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.