திருவிழாவுக்குப் பெயின்ட் அடித்தால் ஓவியம் என்ன ஆகும்?

பெங்களூரு சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. மற்ற பங்குகளுக்கும் அவரவர் பாதுகாவலர் நாள் உண்டு. எந்தப் பங்கானாலும் ஒரு மாதம் முன்பே சாரம் கட்டிவிடுவார்கள். சுவருக்கு இரண்டு கோட்டிங் எமல்ஷன், பீடத்துக்குத் தங்கப் பூச்சு. நன்கொடையில் மிச்சம் இருந்தால், மேலே மங்கிக் கிடக்கும் மாதா படத்தையும் அதே பெயின்டரிடம் காட்டி, கொஞ்சம் பளிச்சென்று ஆக்கிவிடுங்கள் என்பார்கள். மூக்கு கூர்மையாகும், கன்னம் சிவக்கும், மேலாடை எனாமல் நீலமாகும். எல்லாருக்கும் திருப்தி.

கோயில் ஓவியங்கள் பகையாலும் சேதமாவதுண்டு. 2008 செப்டம்பரில் மங்களூரிலும் பெங்களூரிலும் கோயில்கள் தாக்கப்பட்டபோது வழக்குகள் பதிவாயின, விசாரணை ஆணையமே அமைந்தது. பக்தியால் அழிந்த முகத்துக்கு எந்தக் கோப்பும் கிடையாது. ‘உபயம்’ என்று ஒரு சலவைக்கல்தான் இருக்கும்.

பழைய சுவரோவியத்தில் வண்ணம் சுவரின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தைத் தீட்டுவார்கள். சாந்து காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகும். வண்ணமும் அந்தக் கல்லுக்குள் அகப்பட்டுவிடும். அந்தச் சுவருக்குள் ஈரம் போய் வந்துகொண்டே இருக்கும். அதன்மேல் எமல்ஷன் அடிப்பது சுவரின் வாயைப் பொத்துவதுபோல. வெளியேற வழியில்லாத ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு பூச்சுக்கு அடியில் தேங்கும். உப்பு படிகமாகிப் பருக்கும்போது வண்ணத்தையே செதில் செதிலாகத் தள்ளிவிடும். இரண்டு மழைக்காலம் கழித்துச் சுவர் பொரிந்துவிட்டது என்று சுரண்டுவார்கள். சுரண்டலில் போவது எமல்ஷன் மட்டுமல்ல.

கித்தானில் வரைந்த எண்ணெய் ஓவியத்தின் கதை வேறு. அதன்மேல் பூசிய வார்னிஷ் வருடங்கள் போகப் போகப் பழுப்பேறும். மெழுகுவர்த்திப் புகை அதோடு சேர்ந்துகொள்ளும். படம் இருண்டுவிட்டது என்று நாம் நினைப்பது பல நேரம் இந்த அழுக்குத் திரைதான். உள்ளே வண்ணம் பத்திரமாக இருக்கும். அதைத் துடைத்தெடுக்கத் தெரியாமல் மேலேயே புதிதாக வரைந்துவிடுகிறோம். பூசியது எனாமலாக இருந்தால், பிறகு எந்த நிபுணர் வந்தாலும் அதைக் கரைத்து எடுப்பது பெரும்பாடு.

முறையாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கர்நாடகத்திலேயே சாட்சி இருக்கிறது. மங்களூரில் 1880களில் இயேசு சபையினர் கட்டிய புனித அலோசியஸ் கல்லூரிச் சிற்றாலயம். நம்மூரில் ஞானப்பிரகாசியார் என்று சொல்கிறோமே, அதே புனிதர்தான். இத்தாலியின் பெர்கமோ பக்கத்திலிருந்து வந்த சகோதரர் அந்தோனியோ மொஸ்கேனி, 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அதன் சுவர்களை ஈரச்சாந்து ஓவியங்களாலும், கூரையைக் கித்தானில் தீட்டிய எண்ணெய் ஓவியங்களாலும் நிறைத்தார். கூரையில் ஞானப்பிரகாசியாரின் வாழ்க்கை ஓடுகிறது. ரோமில் கொள்ளைநோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, 1591இல் 23 வயதிலேயே இறந்தவர் அவர். மொஸ்கேனியும் இத்தாலிக்குத் திரும்பவில்லை. 1905இல் கொச்சியில் இறந்தார். மங்களூர் மழையையும் கடற்காற்றையும் தொண்ணூறு வருடம் தாங்கிய ஓவியங்களை 1991 முதல் 1994 வரை கலை மரபைக் காக்கும் இன்டாக் அமைப்பின் லக்னோ மையத்தினர் சீரமைத்தனர். மூன்று வருடம்! திருவிழா அவசரத்தில் நடக்கிற வேலையா இது?

தெரியாத கை பட்டால் என்ன ஆகும் என்பதை 2012இல் உலகமே பார்த்தது. ஸ்பெயினின் போர்ஹா ஊர்க் கோயிலில் முள்முடி சூடிய இயேசுவின் சுவரோவியம் ஈரத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. எண்பதைக் கடந்த பக்தை ஒருவர் தாமே சரிசெய்ய இறங்கினார். முகம் குரங்கு மாதிரி ஆகிவிட்டதென்று இணையம் சிரித்தது. பார்க்கக் கூட்டம் குவிந்து ஊருக்கு வருமானமும் வந்தது. அந்த அம்மாவைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒழுகும் சுவரை வருடக்கணக்காக வேடிக்கை பார்த்தவர்கள் யார் என்பதை யாரும் கேட்கவில்லை.

மாற்றம் எப்போதும் அறியாமையால் வருவதுமில்லை. மைக்கேலாஞ்சலோவின் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தின் நிர்வாண உருவங்களுக்கு 1565இல் தானியேலே த வோல்தெர்ரா ஆடை உடுத்தினார். திருச்சபையே இட்ட கட்டளை அது. 1994இல் முடிந்த சீரமைப்பில் பிற்காலத்து ஆடைகள் பலவற்றை நீக்கினார்கள். வோல்தெர்ரா வரைந்ததை விட்டுவைத்தார்கள், அதுவும் வரலாறாகிவிட்டது என்று. என் பார்வையில் அது சரியான முடிவு.

‘சரிசெய்கிறேன்’ என்று இறங்குபவர் எதை அழிக்கக்கூடும் என்பதற்குக் கொல்கத்தா புனித யோவான் கோயிலைச் சொல்லலாம். 1787இல் ஓவியர் ஜோஃபனி வரைந்த இறுதி இராவுணவு அங்கே இருக்கிறது. யூதாசுக்கு மாடலாக நின்றவர் ஊரறிந்த ஏலக்காரர். பேதுருவின் வாள் சேவகர்கள் வைத்திருக்கும் சாதாரண வாள். தண்ணீர்ப் பாத்திரம் வெற்றிலைப் படிக்கத்தின் சாயல். பக்கத்தில் தண்ணீர்க்காரரின் தோல்பை. பங்குப் பேரவையில் ஒரு ஆர்வலர் இருந்தால் போதும், படிக்கத்தை வெள்ளிக் குடமாக்கியிருப்பார். நல்லவேளை, 2010இல் அதைச் சீரமைத்தவர் ரெனாட்டே கான்ட் என்ற தேர்ந்த நிபுணர்.

இத்தகைய நிபுணர்களின் கணக்கே வேறு. பிறகு நீக்க முடியாத எதையும் பூசக்கூடாது. வண்ணம் உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்ப வேண்டும். இத்தாலியில் செசாரே பிராந்தி வகுத்த முறையில் அந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்றால் படம் முழுதாகத் தெரியும். கிட்டே போனால் எது பழசு, எது புதுசு என்று கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

பெங்களூருக்காரர்கள் இதற்காக ரோமுக்குப் போக வேண்டாம். சித்ரகலா பரிஷத்தோடு சேர்ந்து ஓவியப் பாதுகாப்பு மையம் ஒன்றை இன்டாக் இங்கேயே தொடங்கியது. பெயின்டருக்கு முன்பணம் கொடுப்பதற்குள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அதற்கும் முன்னால் கூரை ஒழுக்கை அடையுங்கள், மெழுகுவர்த்தித் தட்டைப் படத்தின் அடியிலிருந்து நகர்த்துங்கள், படத்தை நல்ல வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் புகைப்படம் எடுத்துப் பங்கு அலுவலகத்தில் வையுங்கள். ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள்.