மலைக்காட்டில் சிலந்தி சேகரிப்பது எப்படி? யார் சேகரிக்கலாம்? பாட்டிலைத் திறக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"புலி பார்க்கப் போறீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்று சொல்லிவிடலாம். "சிலந்தி பார்க்கப் போறோம்" என்றால் எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். ஆனால் ஐப்பசி பிறந்தால் விலங்கியல் மாணவர்களும் ஆய்வாளர்களும் குடையும் குப்பியுமாக மலையேறுவது வழக்கம்தான். அங்கே அவர்கள் என்ன செய்கிறார்கள்? நாமும் போய்ப் பிடித்து வரலாமா? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சிலந்தியில் அப்படி என்ன இருக்கு?

உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட சிலந்தி இனங்கள் 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 50,000-வது இனம் பட்டியலில் ஏறியது 2022-ல். இந்தியாவில் மட்டும் 1,800-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. இன்னும் பெயரே வைக்கப்படாதவை ஏராளம். அவற்றில் நிறைய மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் கிடைக்கின்றன.

சிலந்தி பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. அது பூச்சிகளைத் தின்னும் வேட்டைக்காரர். பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காடுகளில் பருத்தி போடும் விவசாயிக்கும் இது சம்பளம் வாங்காத காவலாளி. இலையில் உட்காரும் தத்துப்பூச்சியையும் வெள்ளை ஈயையும் பிடித்துத் தின்னும். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவதும் இந்தக் காவலாளிதான்.

தூத்துக்குடிக்காரர்களுக்குப் பக்கத்தில் உள்ள மலைக்காடு எது?

களக்காடு முண்டந்துறை. 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு இது. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி இந்தக் காட்டைக் கடந்து, கடைசியில் நம்ம மாவட்டத்துப் புன்னக்காயலில் கடலில் சேர்கிறது. மேலே காடு நன்றாக இருந்தால்தான் கீழே தூத்துக்குடிக் குழாயில் தண்ணீர் வரும். அந்தக் காட்டின் நலத்தைச் சொல்லும் அடையாளங்களில் சிலந்தியும் ஒன்று. மரமும் சருகும் ஈரமும் மாறினால் அங்கு வாழும் சிலந்தி இனங்களும் மாறிவிடும்.

ஏன் ஐப்பசி, கார்த்திகை?

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வடகிழக்கு மழை தொடங்கும் இடைவெளியில் காடு பசேல் என்றிருக்கும். பூச்சிகள் பெருகும், அவற்றைத் தின்று சிலந்திகளும் முழு வளர்ச்சி அடையும். முழு வளர்ச்சி என்பது இங்கே முக்கியம். பெரும்பாலான சிலந்திகளை நிறத்தை வைத்து அடையாளம் காண முடியாது. ஆணின் முகத்தருகே இருக்கும் சிறு கை போன்ற உறுப்பையும், பெண்ணின் வயிற்றடியில் உள்ள இனப்பெருக்க உறுப்பையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் எந்த இனம் என்று சொல்ல முடியும். குட்டிச் சிலந்திக்கு இவை வளர்ந்திருக்காது. அதனால் குட்டியைப் பிடித்துக் கொன்று எடுத்து வந்தால் பெரும்பாலும் யாருக்கும் பயனில்லை.

எப்படிச் சேகரிக்கிறார்கள்?

குடை: சாதாரணக் குடையைத் தலைகீழாகப் பிடித்து, புதரின் மேல் கம்பால் இரண்டு தட்டு தட்டுவார்கள். இலையில் ஒளிந்திருப்பவை குடைக்குள் பொலபொலவென விழும்.

சருகு: தரையில் கிடக்கும் சருகை அள்ளி, வெள்ளைத் துணி மேல் சலிப்பார்கள். மிகச் சிறிய சிலந்திகள் இப்படித்தான் சிக்கும்.

குழிக் கோப்பை: பிளாஸ்டிக் டம்ளரைத் தரை மட்டத்துக்குப் புதைத்து வைத்தால், இரவில் தரையில் ஓடும் சிலந்திகள் உள்ளே விழும். மழைநீர் நிரம்பாமல் இருக்க மேலே ஒரு சிறு கூரை வேண்டும்.

டார்ச்: ராத்திரி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்தால் புல்லுக்குள் பச்சைப் பொட்டுகள் மின்னும். பனித்துளி என்று நினைப்போம். கிட்டப் போனால் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள்!

பிடித்ததை 70 சதவீத ஆல்கஹால் உள்ள குப்பியில் போடுவார்கள். கூடவே ஒரு சீட்டு: இடம், உயரம், தேதி, எந்தச் செடியில் இருந்தது, எடுத்தவர் யார். சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். சீட்டு இல்லாத சிலந்தியை வைத்து அறிவியல் எதுவும் செய்ய முடியாது. அது வீணாகப் போன ஓர் உயிர் மட்டுமே.

யார் வேண்டுமானாலும் பிடிக்கலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யவும் உயிரினத்தை வெளியே எடுத்து வரவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. "ஒரு சிலந்திதானே சார்" என்பது சட்டத்தின் முன் எடுபடாது. வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு, 2002-ம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி, சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? நம்ம கடற்கரையிலேயே காரணம் இருக்கிறது. 2004-ல் ஆண்ட்ரூ ஸ்மித் என்பவர் ராமேஸ்வரம் தீவில் இருந்து புதிய டாரண்டுலா இனம் ஒன்றை விவரித்தார். அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரையே அதற்கு வைத்தார். மரப்பொந்திலும் பட்டை இடுக்கிலும் வாழும் இந்தச் சிலந்தியை, ஐயுசிஎன் அமைப்பு 2008-ல் 'மிக அருகிய இனம்' என்று அறிவித்தது. தோப்பை அழித்தால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

இதே குடும்பத்து ஆந்திர நீலச் சிலந்தியின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1899-ல் குத்தி ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்துப் பெயர் சூட்டினார்கள். அதன் பிறகு 2001 வரை, நூறு வருடம் கண்ணிலேயே படவில்லை. மரக்கட்டையோடு ரயிலில் வந்திருக்கலாம் என்பது பிறகுதான் புரிந்தது. அதன் உண்மையான வீடு நந்தியால், கித்தலூர் பக்கத்துக் காடு. இன்று வெளிநாடுகளில் அது செல்லப் பிராணி. அழகாக இருப்பதே இந்தச் சிலந்திகளுக்கு ஆபத்தாகிவிட்டது. 2019-ல் இந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் என்ற சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தியாவும் 2022-ல் தன் சட்டத்தைத் திருத்தி, அந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களின் வணிகத்துக்குக் கடிவாளம் போட்டது.

கடித்தால் செத்துப்போவோமா?

இந்த மரச் சிலந்திகள் கடித்தால் நல்ல வலி இருக்கும், சில நாள் தசைப்பிடிப்பும் வரலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் அவற்றாக வந்து மனிதரைக் கடிப்பதில்லை. வெறுங்கையைப் பொந்துக்குள் விட்டால்தான் சிக்கல். உண்மையில் மலைக்காட்டில் அதிகம் பாடுபடுத்துவது அட்டைதான்.

அப்போ நாம் என்ன செய்யலாம்?

பிடிக்காமலேயே பங்களிக்கலாம். போன் கேமரா போதும். முதுகுப் பக்கம், அடிப்பக்கம், முகம், வலை என நான்கு படம் எடுங்கள். கண்கள் அமைந்திருக்கும் விதத்தை வைத்தே எந்தக் குடும்பம் என்று நிபுணர்கள் ஓரளவு சொல்லிவிடுவார்கள். இடத்தையும் தேதியையும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றலாம். டாரண்டுலா என்று சந்தேகம் வந்தால் மட்டும் சரியான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். கடத்துபவருக்கு அது வழிகாட்டிப் பலகை ஆகிவிடும்.

இதற்கு மலை ஏறவே வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு வேலிக்கருவை, ஒரு பனை, ஒரு பருத்திச் செடி, மழை விட்ட ஒரு காலை நேரம் இருந்தால் போதும். துடைப்பத்தை எடுக்கும் முன் போனை எடுங்கள்.