கடல்பாம்புக் கடிக்கு விஷமுறிவு ஊசி ஏன் கேட்பதில்லை?

பழவேற்காட்டு மீனவர் வலையில் கடல்பாம்பு சிக்கிக் கடித்தால், நம் மருத்துவமனைகளின் விஷமுறிவு ஊசியை நம்ப முடியாது. காரணம், அது தயாராகும் விதம். 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்துத் தருகிறது. அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தினால், அதன் உடல் எதிர்ப்புரதங்களைச் சுரக்கும். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அந்தப் புரதமே மருந்து. விஷ மூலக்கூறின் வடிவத்தைப் பற்றி முடக்குவது அதன் வேலை. குதிரை காணாத விஷம் பெரும்பாலும் அதன் பிடிக்குள் வராது.

நல்லபாம்பும் கடல்பாம்பும் ஒரே குடும்பம்தானே என்று கேட்கலாம். உறவு ஓரளவு உதவலாம். உயிரை அதை நம்பி ஒப்படைக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் கடல்பாம்புக்கென்றே தனி முறிமருந்து தயாராகிறது. இங்கே கடிபட்டவருக்குச் செயற்கைச் சுவாசமும் சிறுநீரகப் பாதுகாப்புமே முதல் துணை என்பதால், மருத்துவமனைக்கு விரைவது இன்னும் அவசரமாகிறது.